குக்கி மாவில் முட்டையைத் தவிர்த்தால் மட்டும் போதாது

அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரிந்திருக்கும். குக்கி சுடுவதற்காக வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் சாக்லேட் துண்டுகளும் சேர்த்துப் பிசைந்த மாவில் பாதி ஓவனுக்குப் போவதற்குள் பிள்ளைகளின் வாய்க்குள் போய்விடும். பெரியவர்களும் கரண்டியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே, அதில் முட்டை இருக்கிறதே, கொஞ்சமாகச் சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்கள். முட்டை சேர்க்காத மாவென்றால் அந்த ஒரு வார்த்தையும் எழாது. சைவக் குடும்பங்களில், நம்முடையதில்தான் முட்டையே கிடையாதே என்று நிம்மதியாகக் கிண்ணத்தைக் குழந்தையிடம் கொடுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்பதையும், வீட்டிலேயே பாதுகாப்பான குக்கி மாவு செய்வதற்கு உண்மையில் எது உதவும், எது உதவாது என்பதையும் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற கிருமியில் ஒரு வகை, ஓடு உருவாவதற்கு முன்பே கோழியின் உடலுக்குள்ளிருந்து முட்டைக்குள் புகுந்துவிடக் கூடியது. ஆகவே ஓட்டை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஓட்டோடு மிதமான வெந்நீரில் நீண்ட நேரம் வைத்துப் பாஸ்சரைஸ் செய்த, அதாவது சூட்டினால் கிருமி நீக்கிய, முட்டைகளும், அட்டைப்பெட்டியில் வரும் பாஸ்சரைஸ் செய்த முட்டைக் கலவையும் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கின்றன. சுடாமல் உண்ணப்போகும் மாவு உப்ப வேண்டியதில்லை என்பதால், முட்டையையும் சோடா உப்பையும் விட்டுவிட்டு இரண்டு கரண்டி பால் சேர்த்தாலே பதம் வந்துவிடும்.

சிக்கல் மைதாவில் இருக்கிறது. மைதா பார்ப்பதற்கு வெண்மையாக, உலர்ந்து, தூய்மையாக இருப்பதால் அது ஏற்கெனவே பக்குவப்பட்ட பொருள் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ஆனால் கோதுமை திறந்த வயலில் விளைகிறது. மேலே பறவைகள் பறக்கின்றன, மான்களும் மாடுகளும் நடமாடுகின்றன, பாசன நீர் எங்கிருந்தோ வருகிறது. அறுவடைக்குப் பிறகு அந்தத் தானியம் தூசு நீக்கப்பட்டு, சிறிது ஈரப்படுத்தப்பட்டு, அரைக்கப்பட்டு, சலிக்கப்படுகிறது. இந்த வழியில் எந்த இடத்திலும் கிருமியைக் கொல்லும் அளவுக்கு வெப்பம் படுவதில்லை. மாவை வெளுப்பதும் கிருமியைக் கொல்வதில்லை. கடையில் நாம் வாங்கும் சாதாரண மைதா, சட்டியில் ஏறாத பச்சைக் காய்கறியைப் போலவே ஒரு பச்சைப் பொருள்; வித்தியாசம் என்னவென்றால், காய்கறியைக் கழுவ முடியும், மாவைக் கழுவ முடியாது.

இதை உலகுக்கு உணர்த்தியது 2009ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வு. அந்த வசந்த காலத்தில் அமெரிக்காவின் 30 மாநிலங்களில் 77 பேருக்கு ஈ.கோலை ஓ157 என்ற கொடிய வகைக் கிருமியின் தொற்று ஏற்பட்டது. அவர்களில் 35 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் நிலை வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுமிகளும் இளம்பெண்களும் என்பது விசாரித்தவர்களை முதலில் குழப்பியது, ஏனென்றால் அதுவரை இந்தக் கிருமி என்றாலே அரைத்த மாட்டிறைச்சிதான் எல்லோர் நினைவுக்கும் வரும். கேட்கக் கேட்க, அவர்களை இணைத்த பொருள் நெஸ்லே டோல் ஹவுஸ் என்ற பெயரில் குளிர்பெட்டியில் வைத்து விற்கப்பட்ட, பிசைந்து தயாராக இருந்த குக்கி மாவு என்று தெரிந்தது. சுடும் எண்ணமே இல்லாமல், அப்படியே சாப்பிடுவதற்காகவே வாங்கியதாகச் சிலர் சொன்னார்கள். நிறுவனம் 36 லட்சம் பொட்டலங்களைத் திரும்பப் பெற்றது.

இந்த விசாரணையில் என்னை மிகவும் ஈர்த்தது, ஒவ்வொரு பொருளாக நீக்கிக்கொண்டே வந்த அவர்களுடைய முறை. அந்த மாவில் சேர்த்த முட்டை பாஸ்சரைஸ் செய்யப்பட்டது. சர்க்கரைப் பாகு, கொழுப்பு போன்றவை தயாரிப்பின்போதே கிருமியைக் கொல்லும் ஒரு கட்டத்தைக் கடந்து வந்தவை. அப்படி எந்தக் கட்டத்தையும் கடக்காமல் வந்து சேர்ந்த முக்கியப் பொருள் மைதாதான். அதுதான் காரணம் என்று அப்போது ஆய்வகத்தில் நிரூபிக்க முடியவில்லை என்றாலும், சந்தேகம் வலுத்தது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் வெப்பத்தால் பக்குவப்படுத்திய மாவுக்கு மாறிக்கொண்டது.

நிரூபணம் 2016இல் கிடைத்தது. அந்த முறை 24 மாநிலங்களில் 63 பேர் ஈ.கோலையின் வேறு வகைகளால் நோயுற்றார்கள். சிலர் வீட்டில் பச்சை மாவை ருசி பார்த்தவர்கள். சில குழந்தைகளோ உணவகத்தில் பெற்றோர் சாப்பிட்டு முடிக்கும் வரை விளையாடக் கொடுக்கப்பட்ட, டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டிக்கான பச்சை மாவு உருண்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தவர்கள். இரண்டு இடங்களிலும் இருந்த மைதாவின் வழியைத் தேடிப் போனபோது, அது கன்சாஸ் நகரத்தில் உள்ள ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் ஒரே ஆலையில் போய் முடிந்தது. நோயாளிகளின் வீட்டில் திறந்து வைத்திருந்த மாவுப் பையிலேயே அதே கிருமி இருப்பதை ஆய்வகங்கள் உறுதி செய்தன. 2023இல் அதே ஆலையின் மாவில் சால்மொனெல்லா கண்டறியப்பட்டு 13 மாநிலங்களில் 14 பேர் பாதிக்கப்பட்டார்கள். எண்ணிக்கை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இவை ஆய்வகத்தில் உறுதியாகிக் கணக்கில் ஏறியவர்களின் எண்ணிக்கை மட்டுமே. வயிற்றுப்போக்கு வந்து மருத்துவரிடம் போகாமலே தேறியவர்கள் இதில் இல்லை.

ஈ.கோலை ஓ157 போன்ற கிருமிகளில் அஞ்ச வேண்டியது, நோய் உண்டாக்க அவற்றில் மிகக் குறைந்த எண்ணிக்கையே போதும் என்பதுதான். நூறுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே சிலருக்கு நோய் வந்துவிடும் என்று கருதப்படுகிறது. கரண்டி நுனியில் ஒட்டிய மாவில் அவ்வளவு இருந்தால் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியப்போவதில்லை. உண்ட மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகு கடுமையான வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, பலருக்கு மலத்தில் இரத்தம் கலந்து போகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆபத்து கூடுதல். இரத்தம் கலந்து போனால், கைவசம் இருக்கும் வயிற்றுப்போக்கு மாத்திரையையோ பழைய ஆன்டிபயாடிக்கையோ கொடுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், ஏனென்றால் இந்தக் கிருமியின் விஷயத்தில் அந்த மருந்துகள் நிலைமையை மோசமாக்கிவிடக் கூடும். பச்சை மாவு சாப்பிட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; அவராகக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

இனி, பலரும் நம்பும் ஒரு தீர்வுக்கு வருகிறேன். மைதாவைத் தட்டில் பரப்பி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள், அல்லது மைக்ரோவேவில் கிளறிக் கிளறிச் சூடாக்குங்கள், வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் பாதுகாப்பானது என்று எண்ணற்ற காணொளிகள் சொல்கின்றன. என் அக்கா மகளும் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, "சித்தி, மாவை வறுத்துட்டா சரியாப் போச்சு, இல்லையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மாவை வறுத்துப் பயன்படுத்துவது நம் சமையலுக்குப் புதிதும் அல்ல. ஆனால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், வீட்டில் மாவைச் சூடாக்கிக் கிருமி நீக்க முயல வேண்டாம் என்றே தெளிவாகச் சொல்கிறது.

காரணம் ஈரத்தில் இருக்கிறது. 74 டிகிரி என்ற அந்த எண் கோழிக்கறி போன்ற ஈரமான உணவுக்காக வகுக்கப்பட்டது. ஈரம் இருக்கும்போது வெப்பம் கிருமியின் புரதங்களை எளிதில் குலைத்துவிடுகிறது. நீர் வற்றிய நிலையிலோ அதே புரதங்கள் இறுகி நின்று தாக்குப்பிடிக்கின்றன. மைதாவுக்குள் கிருமி பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உறங்கிக்கொண்டிருக்கும். அந்த உறக்க நிலையில், ஈரமான உணவில் சில நொடிகளில் மடிந்திருக்கக்கூடிய வெப்பத்தைப் பல நிமிடங்கள் தாங்கிவிடும். மருத்துவமனைக் கருவிகளைக் கிருமி நீக்கும் இரண்டு முறைகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும்: அழுத்தத்தில் உள்ள நீராவி 121 டிகிரியில் 15 நிமிடத்தில் செய்யும் வேலைக்கு, உலர்ந்த வெப்பக் காற்று 170 டிகிரியில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

இதோடு வேறொரு தொல்லையும் சேர்கிறது. மாவு வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள். தட்டின் ஓரம் சிவந்து வாசம் வரும்போது நடுவில் வெளுத்த மாவு பாதிச் சூட்டில் கிடக்கும். மைக்ரோவேவில் ஓரிடம் கருகும்போது இரண்டு விரல் தள்ளி இன்னோரிடம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வெப்பமானி தன் முனை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே சொல்லும். வறுபட்ட வாசமும் நிறமும் சுவைக்கு அடையாளங்களே தவிர, கிருமி ஒழிந்ததற்கு அடையாளங்கள் அல்ல. தொழிற்சாலைகளில் இதைச் செய்பவர்கள் நீராவியையோ கட்டுப்படுத்திய வெப்பத்தையோ குறிப்பிட்ட நேரத்துக்குக் கொடுத்து, தீங்கற்றதும் வெப்பத்தைத் தாங்குவதுமான ஒரு மாற்றுக் கிருமியை வேண்டுமென்றே மாவில் கலந்து, அது எத்தனை மடங்கு குறைந்தது என்று அளந்து பார்த்து, முறையை உறுதிப்படுத்திய பிறகே விற்கிறார்கள். அந்த அளவீட்டை வீட்டு அடுப்படியில் செய்ய வழியில்லை.

ஆகவே என் முடிவு இதுதான்: உலர்ந்த மாவைப் பக்குவப்படுத்தும் முயற்சியைக் கைவிட்டுவிட்டு, உலர்ந்த பச்சை மாவே இல்லாத குக்கி மாவைச் செய்ய வேண்டும்.

எளிய வழி, வெப்பத்தால் பக்குவப்படுத்தியது, சமைக்காமல் உண்ணலாம் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும் மாவை வாங்குவது. குளிர்பெட்டியில் வரும் தயார் குக்கி மாவுகளிலும் இப்போது அத்தகைய வாசகத்தோடு வருபவை உண்டு. பில்ஸ்பரி 2020 முதல் தன் குக்கி மாவுகளை அப்படி மாற்றியது. பென் அண்ட் ஜெர்ரிஸ் 1991இல் டப்பாவில் அடைத்து நாடெங்கும் விற்கத் தொடங்கிய குக்கி மாவு ஐஸ்கிரீம் போன்றவற்றில் இருக்கும் மாவுத் துண்டுகளுக்கும் அச்சப்படத் தேவையில்லை. அவை அப்படியே உண்பதற்கென்று வெப்பப்படுத்திய மாவில் செய்யப்படுபவை. வாசகம் இல்லாத பொட்டலத்தை, எவ்வளவு பெயர்பெற்ற நிறுவனமாக இருந்தாலும், பச்சை மாவாகவே கருத வேண்டும். கேக் மிக்ஸ் பெட்டிகளும் இதில் அடக்கம். அந்தத் தூளைப் பாலில் அடித்து மில்க் ஷேக் ஆக்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் செய்முறைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

எனக்குப் பிடித்த வழி வேறு. உலர்ந்த வெப்பம் நம்பத்தகாதது என்றால், ஈரத்தோடு வேகவைத்துவிடலாமே? கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறும் எவருக்கும் இந்த வேலை கைப்பழக்கம்தான். எங்கள் அம்மா கொதிக்கும் நீரில் மாவைத் தூவ மாட்டார். பச்சைத் தண்ணீரிலேயே மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் நல்லெண்ணெயும் விட்டு, பிறகுதான் அடுப்பில் ஏற்றிக் கிளறுவார். குக்கி மாவுக்கும் அந்த முறையே சிறந்தது, ஏனென்றால் கட்டி தட்டினால் கட்டியின் உள்ளே இருப்பது மீண்டும் உலர்ந்த மாவுதான்.

80 கிராம் மைதாவை 160 மில்லிலிட்டர் குளிர்ந்த பாலில் ஒரு மத்தால் நன்றாகக் கரைத்துக்கொள்ளுங்கள். அடிகனமான பாத்திரத்தில் அதை ஊற்றி, 30 கிராம் வெண்ணெய் சேர்த்து, குறைந்த தீயில் மரக்கரண்டியால் விடாமல் கிளறுங்கள். முதலில் அடியில் மட்டும் தடித்து, கரண்டியில் கந்தலாக ஏறும். பயப்பட வேண்டாம், தீயை இன்னும் தணித்து அழுத்திக் கிளறினால் சேர்ந்துவிடும். சிறிது நேரத்தில் கலவை முழுவதும் இறுகிப் பளபளப்பாகி, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு ஒரே உருண்டையாகச் சுழலும். அதன் பிறகும் இரண்டு நிமிடம் கிளறி, பல இடங்களில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் 80 டிகிரியைத் தாண்டியிருந்தால் வெந்துவிட்டது. இங்கே அந்த எண்ணை நம்பலாம், ஏனென்றால் ஒவ்வொரு துகளும் நனைந்திருக்கிறது. அகலமான தட்டில் மெல்லிதாகப் பரப்பி ஆறவிடுங்கள்.

ஆறிய பிறகு, 60 கிராம் இளகிய வெண்ணெயையும் 100 கிராம் பழுப்புச் சர்க்கரையையும் தனியே குழைத்து, கால் தேக்கரண்டி உப்பும் சிறிது வெனிலாவும் சேர்த்து, வெந்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அதோடு பிசையுங்கள். சர்க்கரையைக் கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: குக்கி மாவை நாக்கில் வைத்ததும் தெரியும் அந்த நறநறப்பு கரையாத சர்க்கரையால் வருவது, சூட்டில் சேர்த்தால் அது போய்விடும். வெந்த மைதா மட்டுமே இருந்தால் மாவு சற்று இழுபடும், அதனால் 100 கிராம் பாதாம் மாவு சேர்க்கிறேன். கலிபோர்னியாவில் விளைந்து அமெரிக்காவில் விற்கப்படும் பாதாமைப் பாஸ்சரைஸ் செய்வது 2007 செப்டம்பர் முதல் கட்டாயமாக இருக்கிறது. பச்சைப் பாதாமினால் சால்மொனெல்லா பரவிய அனுபவத்துக்குப் பிறகு வந்த விதி அது. ஆகவே மைதாவை விட அதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில், வேகவைத்து வடித்துத் தோலுரித்த கொண்டைக்கடலையை மைய அரைத்துச் சேர்க்கலாம். பெயரைச் சொல்லாமல் கொடுத்தால் பிள்ளைகள் கண்டுபிடிப்பதில்லை. கடைசியாகச் சாக்லேட் துண்டுகளைக் கலந்து குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கரண்டியில் எடுக்கும் பதத்துக்கு இறுகும்.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். வெந்த மாவு, உலர்ந்த மைதாவைப் போல அலமாரியில் கிடக்கக்கூடிய பொருள் அல்ல. அது பால் சேர்ந்த, ஈரமான, சமைத்த உணவு. பேசிலஸ் சீரியஸ் போன்ற சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் பிழைத்திருந்து, வெதுவெதுப்பில் விட்டால் மீண்டும் முளைத்துப் பெருகும். பழைய சோற்றை வெளியே வைக்கக் கூடாது என்பதற்கு இன்று சொல்லப்படும் காரணமும் இதுவே. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிறு உருண்டைகளாக்கி உறையவைக்கலாம். ஆனால் உறையவைப்பது கிருமியைக் கொல்லும் என்று எண்ணி, பச்சை மைதா மாவை உறையவைத்து உண்பது தவறு. குளிர் கிருமியை நிறுத்திவைக்கும், அழிக்காது.

நம் ஊரிலும் பச்சை மாவு உண்ணும் வழக்கம் உண்டு என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். மாவிளக்கு அப்படித்தான்: ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் விட்டுத் திரி ஏற்றிப் பின் பிரசாதமாகப் பகிர்ந்துண்கிறோம். அந்தச் சுடர் மாவை வேகவைப்பதில்லை, அரிசியும் வயலில் விளைந்த பச்சைத் தானியமே. வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. அரிசியை நன்றாகக் களைந்து, சுத்தமான கையாலும் உரலாலும் இடித்து, அன்றைக்கே உண்டு முடித்து, மீந்த ஈரமாவை மறுநாளுக்கு வைக்காமலும், கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காமலும் இருக்கலாம். அவர்களுக்கு அதையே ஆவியில் வேகவைத்துத் தரலாம்.

மாவை வாங்கி வந்ததும் எவர்சில்வர் டப்பாவில் கொட்டிப் பையை எறிந்துவிடும் நம் பழக்கத்தை மட்டும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். மைதா ஓராண்டு வரை வீட்டில் இருக்கும்; ஆலை அதைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்கும்போது, நம் டப்பாவில் இருப்பது எந்த நிறுவனத்தின், எந்தத் தேதியிட்ட மாவு என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது. பையில் பெயரும் தொகுதி எண்ணும் தேதியும் அச்சிட்ட துண்டைக் கத்தரித்து டப்பா மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தால் போதும். புது மாவைப் பழைய மாவின் மேல் கொட்டாமல், தீர்ந்த பிறகு டப்பாவைக் கழுவி உலர்த்தி நிரப்புங்கள்.

பிள்ளைகளோடு குக்கி சுடுவதென்றால், அப்படியே உண்பதற்கான மாவை நான் முந்தைய நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். சுடப்போகும் மாவைப் பிசையும்போது ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் வெந்த மாவைக் கொடுத்துவிட்டால், பச்சை மாவில் கை வைக்காதே என்று விரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மைதா காற்றில் பறந்து மேடையெங்கும் படியும் என்பதால் அந்தக் கிண்ணங்களைச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறேன். மாவு தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே அங்கே போக விடுகிறேன். கரண்டிகளும் வெவ்வேறு நிறத்தில் இருக்கின்றன: சிவப்பு சுடும் மாவுக்கு, நீலம் உண்ணும் மாவுக்கு.